பின்பக்கத் தையல்

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து நாடான மெக்சிகோவுக்கு நாலு நாள் அழைத்துப் போனான். (செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம்.) "பழைய கல்லைப் பார்க்கவா இத்தனை செலவு?" என்று நான் முணுமுணுத்தது உண்மை.

கான்கூன் நகரிலிருந்து தெற்கே சுமார் 130 கி.மீ. தூரத்தில் இருக்கிறது தூலும். கரீபியன் கடலோரம், 12 மீட்டர் உயரப் பாறைமேல் மாயா மக்கள் கட்டிய துறைமுக ஊர். மூன்று பக்கம் கல் மதில். நாலாவது பக்கம் கடல்தான் காவல். 13 முதல் 15ம் நூற்றாண்டு வரை ஓகோவென்று இருந்திருக்கிறது. இரும்பு உளி கிடையாது, வண்டி இழுக்க மாடு, குதிரை கிடையாது. எப்படித்தான் கட்டினார்களோ! ஒரு கோயில் வாசலுக்கு மேலே தெய்வம் தலைகீழாக, கால் மேலே தூக்கியபடி இருக்கிறது. 'இறங்கி வரும் தெய்வம்' என்கிறார்கள். பெரிய கோயிலின் படிகளில் ஏற இப்போது அனுமதி இல்லை. என் முழங்காலுக்கு அது நல்லதாகப் போயிற்று. நிழலே இல்லாத இடம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், குடையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

வழிகாட்டி, "மாயாக்கள் இப்படி வாழ்ந்தார்கள், இப்படிக் கும்பிட்டார்கள்" என்று இறந்த காலத்திலேயே பேசிக்கொண்டு வந்தார். மதியம் ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். என் வயசு இருக்கும், ஓர் அம்மாள் ரொட்டி தட்டிக்கொண்டே மகளிடம் ஏதோ பேசினாள். "அத்தை, இது ஸ்பானிஷ் இல்லை" என்றாள் மருமகள். கேட்டதும் அந்த அம்மாள் நெஞ்சைத் தொட்டு, "மாயா" என்றாள்! மெக்சிகோவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் அந்த மொழி பேசுகிறார்களாம்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற பி வைட்டமின் உடம்பில் சேருமாம். எந்தக் காலத்துப் பாட்டி கண்டுபிடித்தாளோ!

கடையிலேயே 'இபில்' என்ற வெள்ளைப் பருத்திச் சட்டைகளும் தொங்கின. கழுத்தைச் சுற்றிப் பூவேலை. பழக்க தோஷம், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கோபித்துக் கொள்ளவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி என் கையில் கொடுத்தாள். முன்பக்கம் போலவே பின்பக்கமும். ஒரு முடிச்சு, ஒரு நூல் பிசிறு இல்லை. பத்து வருஷம் எம்பிராய்டரி போட்ட எனக்கா தெரியாது, அது எத்தனை நாள் வேலை என்று? முகம் கூசிப் போச்சு. சொன்ன விலையைக் கொடுத்தேன். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல பெண்.

ஊர் திரும்பியதும் அந்த ரொட்டியைச் செய்து பார்த்தேன். சுண்ணாம்பு கூடிவிட்டது, வீட்டில் ஒருத்தரும் வாயில் வைக்கவில்லை.

- ஒரு வாசகி