செல்லின் உருவைக் காக்கும் சக்தி



உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது உப்பிப் பருப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறோம். நம் உடலின் செல்களும் எந்நேரமும் நீர்மத்தில்தான் இருக்கின்றன. அவை ஏன் உப்புவதில்லை? இந்த ஐயம் எழவே நூல்களைப் புரட்டினோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

செல்லின் சவ்வில் 'சோடியம் பம்பு' என்னும் புரதம் உள்ளது. அது ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கிறது. உப்பு அளவோடு நிற்பதால் நீரும் அளவோடு நிற்கிறது. இந்த வேலைக்குச் செல் தரும் கூலிதான் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள்.

இப்பொருளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை. மெட்ரிக் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறியவர் அவர்! அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1929இல் இதனை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டறிந்தார்.

அளவுக்கு மட்டுமா சக்தி தேவை? உருவத்துக்கும் தேவை. ஒலக்கூரில் திருவிழாப் பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கால் நட்டுக் கயிறு கட்டிவிட்டால் விழா முடியும்வரை நிற்கும். செல்லுக்குள்ளும் புரத இழைகளாலான ஒரு சட்டகம் உண்டு. ஆனால் அதன் ஆக்டின் இழைகள் ஒரு முனையில் வளர்ந்து, மறுமுனையில் கழிந்தவண்ணம் இருக்கின்றன. பிரித்துப் பிரித்துக் கட்டும் பந்தல் அது! அதற்கும் ஏ.டி.பி. செலவாகிறது.

இரத்தச் சிவப்பணு இதற்குச் சான்று. நடுவில் குழிந்த தட்டுப் போன்ற அது, ஏ.டி.பி. குறைந்தால் முட்கள் முளைத்த உருண்டையாக மாறுகிறது. அடினின், இனோசின் ஆகியவற்றைச் சேர்த்து ஏ.டி.பி.யை மீட்டால் மீண்டும் தட்டாகிறது என 1960இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். இரத்த வங்கிப் பைகளில் குளுக்கோசும் அடினினும் கலப்பது இதனால்தான். அவ்வாறு கலந்த இரத்தத்தை 35 நாட்கள்வரை குளிரில் காக்கலாம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ, பிராணவாயு இன்றி ஏ.டி.பி. தீர்ந்து, பம்பு நின்று, சில நிமிடங்களிலேயே செல்கள் வீங்கத் தொடங்குகின்றன. ஆகவே வீட்டில் எவருக்கேனும் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, 'சற்றுப் படுத்தால் சரியாகும்' என்று காத்திராமல் உடனே 108ஐ அழைப்போம். கிராமத்தில் வாழும் நமக்கு மருத்துவமனை தொலைவு, நிமிடங்களோ விலைமதிப்பற்றவை.