ஏசுவும் ஈஸா நபியும்: மதம் மாறும் முன் ஒரு கேள்வி

மும்பை மாகிமில் புதன்கிழமை தோறும் புனித மைக்கேல் ஆலயத்தில் நவநாள் ஜெபம் நடக்கிறது. 1948-ல் தொடங்கிய வழக்கம் இது. கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியுடன் வரிசையில் நிற்கிறார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மக்தூம் அலி மாகிமி தர்கா இருக்கிறது. அங்கும் இப்படித்தான். இரண்டு இடங்களிலும் நேர்ந்துகொண்டு, இரண்டு இடங்களிலும் நேர்த்திக்கடன் செலுத்தும் தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்தில் ஏராளம்.

இரண்டு வாசலுக்கும் போய் வருவது ஒன்று. ஒரு வாசலைச் சாத்திவிட்டு மற்றொன்றில் குடியேறுவது வேறு.

தாராவியில் நெல்லைச் சீமை முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறி மூன்று நான்கு தலைமுறை ஆகிறது. அதே சீமையிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அதே சந்துகளில் குடியிருக்கிறார்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே பட்டறையில் வேலை செய்து, நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் மாறி மாறிச் சாப்பிட்டவர்களில் ஒருவர், "நானும் இஸ்லாத்துக்கு வந்துவிடட்டுமா?" என்று கேட்பதில் வியப்பில்லை. சிலருக்கு நண்பர் காரணம். சிலருக்குக் காதல். சிலருக்கு ஊர்க் கோவிலிலும் தொடரும் சாதி வேற்றுமை. சிலருக்கு உண்மையிலேயே மனத்தில் எழுந்த தேடல்.

அவர்களில் பலர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "அவர்களும் ஏசுவை நம்புகிறார்கள். ஈஸா நபி என்கிறார்கள். பெயர்தானே வேறு?"

பெயர் மட்டும் வேறு அல்ல. ஆனால் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒற்றுமை கொஞ்சமல்ல

பைபிளில் வரும் நோவா, குர்ஆனில் நூஹ். ஆபிரகாம், இப்ராஹீம். மோசே, மூஸா. தாவீது, தாவூத். யோவான் ஸ்நானகன், யஹ்யா. எல்லோரும் முஸ்லிம்களுக்கும் நபிமார்களே. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் அம்மையார்தான். 19-வது அத்தியாயத்துக்கே அவர் பெயர். பாந்திரா மலைமாதா திருவிழாவுக்கு முஸ்லிம் பெண்கள் சிலர் வந்து போவதைக் கண்டு ஆச்சரியப்படுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏசு கன்னியிடம் பிறந்தார் என்பதை இஸ்லாம் ஒப்புக்கொள்கிறது. குருடருக்குப் பார்வை கொடுத்தார், குஷ்டரோகியைக் குணமாக்கினார், இறைவன் அனுமதியோடு இறந்தவரை எழுப்பினார் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. மஸீஹ் என்ற பட்டமும் அவருக்கு உண்டு. உலக முடிவுக்கு முன் அவர் மீண்டும் வருவார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கையும்கூட. இவ்வளவு இருக்கும்போது, தாண்ட வேண்டியது சின்ன வாய்க்கால்தான் என்று தோன்றுவது இயல்பு.

வாய்க்கால் அல்ல, ஆறு. அதன் ஆழமான இடம் ஏசுவே.

அவர் யார்?

கிறிஸ்தவருக்கு ஏசு தேவகுமாரன். கடவுளே மனிதனாகி வந்தவர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள். கி.பி. 325-ல் நைசியா நகரில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அறிக்கையிட்டார்கள். இன்று கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் இந்த விஷயத்தில் ஒன்றே.

முஸ்லிமுக்கு ஈஸா பெரிய நபி, மனிதர். இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பதே 112-வது அத்தியாயத்தின் சாரம். நான்கே வசனம் கொண்ட சிறிய அத்தியாயம். முஸ்லிம் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போகும் முன்பே அதை மனப்பாடம் செய்துவிடும். தந்தையின்றிப் பிறந்ததால் ஈஸா இறைமகன் ஆகிவிட மாட்டார், ஆதம் தாயும் தந்தையும் இன்றிப் படைக்கப்படவில்லையா என்று குர்ஆன் வாதிடுகிறது.

இந்த இடத்தில் இரு தரப்பிலும் அவசரப் பேச்சு நடப்பதுண்டு. கிறிஸ்தவர்கள் மூன்று கடவுள்களைக் கும்பிடுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். எந்தச் சபையும் அப்படிப் போதிப்பதில்லை. திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை என்பது உண்மை. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுங்கள் என்ற கட்டளை மத்தேயு சுவிசேஷத்தின் கடைசியில் இருக்கிறது என்று கிறிஸ்தவர் பதில் சொல்வார். மறுபக்கம், முஸ்லிம்கள் முகமது நபியை வணங்குகிறார்கள் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. அவரை வணங்குவதை இஸ்லாம் கண்டிப்பாக விலக்குகிறது.

சிலுவை

அடுத்தது இதைவிடக் கடினம். ஏசு சிலுவையில் அறையப்பட்டுக் கொல்லப்படவில்லை. அவர்களுக்கு அப்படித் தோற்றமளித்தது என்கிறது குர்ஆனின் 4-வது அத்தியாயம், 157-வது வசனம். இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது முஸ்லிம்களின் பொதுவான நம்பிக்கை.

சிலுவை இல்லை என்றால் பெரிய வெள்ளி இல்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு இல்லை. திருவிருந்து இல்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் நம்முடைய விசுவாசம் வீண் என்ற பொருளில் பவுல் எழுதியதைச் சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

இதற்கு அடியில் இருப்பது பாவத்தைப் பற்றிய கணக்கு. ஆதாம் செய்த பாவம் மனித குலம் முழுவதையும் கெடுத்தது, அதை மனிதன் தானே தீர்க்க முடியாது, எனவே ஒரு மீட்பர் வேண்டும் என்பது கிறிஸ்தவம். ஆதம் தவறினார், மன்னிப்புக் கேட்டார், இறைவன் மன்னித்தான், விஷயம் அங்கேயே முடிந்தது என்பது இஸ்லாம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க முடியாது. பிறக்கும் குழந்தை பாவமின்றிப் பிறக்கிறது. அதனால் ஞானஸ்நானத்துக்கு அங்கே வேலை இல்லை. மனிதனுக்குத் தேவை வழிகாட்டியும், அவனுடைய நல்ல செயலும், இறைவனுடைய கருணையும்.

ஆகவே மாற நினைப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, தொப்பி நன்றாக இருக்குமா, பிரியாணி பிடிக்குமா என்பதல்ல. தனக்கு வேண்டியது மீட்பரா, வழிகாட்டியா? சிறு வயதிலிருந்து முழங்காலிட்டு ஆண்டவரே என்று யாரை அழைத்தாரோ, அவரை இனி நபி என்று மட்டும் சொல்ல மனம் ஒப்புமா? ஒப்பும் என்றால் மற்றவை பழக்கத்தில் வந்துவிடும். ஒப்பாது என்றால் நண்பருக்காகவோ காதலுக்காகவோ சொல்லும் கலிமா வெறும் உதட்டுச் சொல்தான். மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்பது குர்ஆன் சொல்வதே. ஆதலால் எந்த நல்ல ஆலிமும் அவசரப்படுத்த மாட்டார்.

தமிழில் ஜெபித்தவர்

வெளியூரில் வாழும் தமிழருக்கு இன்னொன்றும் உண்டு. சீகன்பால்கு 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது முதல், தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தமிழ் பைபிளே பைபிள். முஸ்லிமுக்கு அரபு மூலமே குர்ஆன். தமிழில் இருப்பது அதன் பொருள். தொழுகையும் அரபியில்தான். தனியே கையேந்திக் கேட்கும் துஆவைத் தமிழில் கேட்கலாம். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் தமிழில் பாடியவர்கள்தான் என்பது ஆறுதல்.

நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்க, விடியும் முன் எழுந்து ஒளு செய்ய வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாநகராட்சியின் கையில். ஞாயிறு ஆராதனைக்கு விடுமுறை இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குச் சாப்பாட்டு இடைவேளைதான். ரமலானில் ஒரு மாத நோன்பு. வரம்புக்கு மேல் ஓராண்டு இருப்பில் உள்ள செல்வத்துக்கு நூற்றுக்கு இரண்டரை ஜகாத். பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது.

பள்ளிவாசல் வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் தொழிலாளி நிற்கலாம்; யாரும் தள்ளி நில் என்று சொல்ல முடியாது. 1981-ல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாக முஸ்லிம்களானபோது நாடே அதைப் பேசியது. ஆனாலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று பார்ப்பவர்கள் உண்டு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை கிறிஸ்தவருக்கும் இல்லை, முஸ்லிமுக்கும் இல்லை என்பதால் அந்த வகையில் மாற்றம் ஒன்றும் இராது.

வீட்டில் இருப்பவர்கள்

கலிமா சொல்ல ஒரு நிமிஷம் போதும். பெயர் மாற்றம் கட்டாயம் இல்லை. மாற்றினால் கெஜட், ஆதார், சர்வீஸ் புத்தகம் என்று அலைய வேண்டும். மதமாற்றச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குஜராத்தில் 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரிசாவில் 1967-லேயே வந்துவிட்டது. வசிக்கும் மாநிலத்தின் சட்டத்தை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மனைவியைப் பற்றி யோசிப்பவர் குறைவு. கணவன் முஸ்லிமானாலும் மனைவி கிறிஸ்தவராகவே இருக்க இஸ்லாம் இடம் தருகிறது. மனைவி மட்டும் முஸ்லிமாகி, கணவன் கிறிஸ்தவராகவே இருந்தால் அந்த மார்க்கம் அந்த இல்லறத்தை ஏற்பதில்லை. நாட்டுச் சட்டப்படி கிறிஸ்தவத் திருமணம் மதம் மாறியதும் தானாக முறிந்துவிடாது. ஆனால் 2001-ல் திருத்தப்பட்ட விவாகரத்துச் சட்டத்தில், துணை மதம் மாறியதைக் காரணம் காட்டி மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம்.

சொத்து விஷயம் இன்னும் சிக்கல். மதம் மாறியவர் தன் கிறிஸ்தவத் தகப்பனாரின் சொத்தில் உள்ள உரிமையை இழப்பதில்லை. 1850-ம் ஆண்டுச் சட்டம் முன்பு அதைக் காத்துவந்தது. ஆனால் அவர் இறந்தால் அவருடைய சொத்து முஸ்லிம் சட்டப்படி பிரிக்கப்படும். கிறிஸ்தவராகவே இருக்கும் மனைவியும் தாயும் அதில் வாரிசு ஆக மாட்டார்கள். உயில் எழுதலாம், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. இதற்கு ஒரு வழி, திருமணத்தை 1954-ம் ஆண்டின் விசேஷத் திருமணச் சட்டத்தில் பதிந்துகொள்வது. கோவிலில் நடந்த பழைய திருமணத்தையும் அப்படிப் பதியலாம். அதன்பின் சொத்து இந்திய வாரிசுச் சட்டப்படியே போகும். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; மனுச் செய்யும் மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனவே மனைவியிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.