சர்வர் மாறும், சர்வீஸ் நிற்காது: ‘லைவ் மைக்ரேஷன்’ சரியாக நடக்க நெட்வொர்க்கில் என்ன செய்யணும்?

குற்றாலத்தில் சாரல் சீசன். ரூம் புக்கிங் தளத்தில் கூட்டம் அள்ளுகிறது. அந்த நேரம் பார்த்து, தளம் ஓடும் சர்வரில் ஃபேன் மக்கர் பண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தை நிறுத்தாமலே சர்வரைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். அதற்குத்தான் லைவ் மைக்ரேஷன். ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை (விஎம்) அப்படியே இன்னொரு சர்வருக்கு மாற்றுவது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியானபோது, கூகுள் தன் கிளவுட் சர்வர்களை இந்த முறையில்தான், வாடிக்கையாளர்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லாமலே சரிசெய்ததாக அறிவித்தது.

தென்காசிக்கு ஏன் முக்கியம்?

மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் தொடங்கியது 2011-ல். அதன் இந்திய டேட்டா சென்டர்களோ சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில் இருக்கின்றன. இப்படி சொந்த ஊரில் இருந்தே ஐடி வேலை பார்ப்பவர்கள், பிரச்சினை வந்தால் சர்வர் ரூமுக்கு ஓட முடியாது. நெட்வொர்க்கை முன்கூட்டியே சரியாக அமைத்திருக்க வேண்டும்.

எப்படி நடக்கிறது?

முதலில் மெமரி முழுவதும் காப்பி ஆகும். அதற்குள் மாறிவிட்ட பகுதிகள் மறுபடி காப்பி ஆகும். மிச்சம் மிகக் குறைந்ததும், விஎம் கண நேரம் நின்று புது சர்வரில் தொடரும்.

அருவி விழும் தடாகத்தை இறைப்பது மாதிரிதான் இது. விழுவதைவிட வேகமாக இறைத்தால்தான் காலியாகும். 64 ஜிபி மெமரியை நொடிக்கு 1 கிகாபிட் லைனில் ஒருமுறை அனுப்பவே எட்டரை நிமிடம் ஆகும். 10 கிகாபிட் லைனில் 51 நொடி போதும். 1 கிகாபிட் லைன் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்பி-தான் கடத்தும். விஎம் நொடிக்கு 150 எம்பி மெமரியை மாற்றிக்கொண்டே இருந்தால், வேலை முடியவே முடியாது. விஎம்-இன் வேகத்தைக் குறைக்கணும், இல்லையென்றால் மைக்ரேஷனைக் கைவிடணும்.

கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

1. தனி வழி: மைக்ரேஷனுக்கென தனி நெட்வொர்க் கார்டு நல்லது. விலேன் மட்டும் பிரித்தால் போதாது; கேபிள் ஒன்றுதானே! அப்போது வேக வரம்பும் வைக்கணும்.

2. ஒரேயடியாக வேண்டாம்: விஎம்வேரில் ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் 1 கிகாபிட்டில் 4, 10 கிகாபிட்டில் 8 என்று வரம்பே உண்டு.

3. ஜம்போ ஃபிரேம்: எம்டியு 9000 வைத்தால், வழியில் உள்ள எல்லா ஸ்விட்சிலும் வைக்கணும். ஒன்று விட்டுப்போனாலும் மைக்ரேஷன் பாதியில் தொங்கும்.

4. என்கிரிப்ஷன்: மெமரியில் பாஸ்வேர்டுகளும் இருக்கும். அவை நெட்வொர்க்கில் திறந்தபடி போகக் கூடாது.

5. இரு பக்கமும் ஒரே விலேன்: விஎம் தன் ஐபி முகவரியோடுதான் இடம் மாறும். புது சர்வரின் ஸ்விட்ச் போர்ட்டில் அந்த விலேன் இல்லாவிட்டால், விஎம் ஓடும். ஆனால் யாராலும் அதைத் தொடர்புகொள்ள முடியாது. மானிட்டரில் எல்லாம் பச்சையாகத் தெரிவதால், இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

எனவே சீசனுக்கு முன்பே சின்ன விஎம் ஒன்றை மாற்றிப் பாருங்கள். வெளியில் இருந்து அதைத் திறக்க முடிகிறதா என்று உறுதிசெய்துவிட்டு, பெரியதில் கை வையுங்கள்.