சாரல் பாதையில் சால்னா வாசம்

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் நாற்கரச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால், கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 தொடங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டதும் மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும். ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி கடந்து செங்கோட்டை. திரும்பும்போது சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியாக மீண்டும் மதுரை. நான்கு நண்பர்கள், ஒரு கார், இரண்டு நாள் போதும். சாப்பிடுவதற்காகவே ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு இந்த வட்டம் அருமையான தொடக்கம்.

காரணம், இந்த வழியில் ஊருக்கு ஒரு பண்டம் உண்டு. அதன் பின்னால் அந்த ஊரின் மண்ணோ, மாடோ, சந்தையோ, சாலையோ நிற்கிறது. சென்னையில் அதே பெயரில் கடைகள் இருக்கலாம். ஆனால் சந்தை நாளும் மழைக்காலமும் லாரிப் போக்குவரத்தும் சேர்ந்து ஒரு கடையை எப்படி வளர்த்தன என்பது ஊருக்குப் போனால்தான் தெரியும்.

முதல் நிறுத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. அகன்ற வாணலியில் அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்ட வைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கறவை மாடுகளே இந்தத் தொழிலுக்கு அடித்தளம். 2019-இல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொட்டலம் வாங்கி வண்டியில் வைப்பதற்கு முன், அன்று கிளறியதை வெதுவெதுப்பாக ஒரு தொன்னை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். லேசான மணல் பதமும் பாலின் வாசமும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

அங்கிருந்து புறப்பட்டால் மாலை மங்கும் நேரத்துக்குச் செங்கோட்டை. பரோட்டாவுக்கு அதுதான் சரியான பொழுது.

செங்கோட்டை, 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலப் பிரிப்பின்போது சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர். அதற்கு முன் திருவிதாங்கூரோடு இருந்தது. ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்துக்குக் காய்கறியும் சரக்கும் ஏற்றிச் செல்லும் லாரிகள் இன்றும் இந்தப் பக்கம்தான் போகின்றன. மலை ஏறுவதற்கு முன் வயிறார உண்ணும் ஓட்டுநர்கள், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வரும் கூட்டம் என இரண்டும் சேரும் இடத்தில் புகழ்பெற்றதுதான் ‘பார்டர் கடை’. ரஹ்மத் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இங்கே பரோட்டா சிறியது, மெல்லியது, மிருதுவானது. இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி ஊறவிட்டால் பேச்சு நின்றுவிடும். தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழி, காடை, மிளகு காரம் ஏறிய ‘பிச்சுப் போட்ட கோழி’.

நண்பர்களோடு போவதன் பலன் இந்த இடத்தில்தான் கைமேல் கிடைக்கும். தனியாளாகப் போனால் ஒரு தொடுகறியோடு இலை நிறைந்துவிடும். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு வகை வாங்கி நடுவில் வைத்து, எல்லாவற்றிலும் ஒரு கை பார்க்கலாம்.

மறுநாள் காலை குற்றால அருவி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே சாரலைத் தூவும். அந்தக் குளிரில் நனைந்தவர்களுக்குப் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடும். அந்தப் பசியோடு சங்கரன்கோவிலுக்கு வண்டியைத் திருப்புவது நல்லது. சங்கரநாராயணர் கோயிலுக்கும் ஆடித்தபசுக்கும் பெயர்பெற்ற இந்த ஊருக்கு ஆட்டுக்கறி பிரியாணியாலும் பெயர் உண்டு; ‘சுல்தான்’ என்றால் வழிகாட்டுவார்கள். மலையின் பசுமை முடிந்து கரிசல் தொடங்கும் வட்டாரம் இது. மழை பொய்த்தாலும் ஆடு கைவிடாது என்று வாழ்ந்த மண். வேம்பூர் ஆடு என்று தனி இனமே கிழக்கே உள்ள கரிசல் கிராமங்களுக்குச் சொந்தம்.

அடுத்தது கோவில்பட்டி. கரிசல் நிலத்தின் நிலக்கடலையை வெல்லப்பாகில் சேர்த்துச் செய்யும் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடக்கே சாத்தூரில் காராச்சேவு: பூண்டும் மிளகாயும் மணக்க, கடித்தால் நொறுங்கும்.

இருட்டுவதற்குள் விருதுநகர். மிளகாய், பருப்பு, எண்ணெய் வணிகத்தில் தழைத்த ஊரில் எண்ணெய்ப் பரோட்டா வேரூன்றியதில் வியப்பில்லை. நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் நின்றுகொண்டே இருக்கும். வட்டமாகத் தட்டிய பரோட்டா அதில் மூழ்கிப் பொன்னிறமாக மொறுமொறுவென்று வெளியே வரும். பர்மா கடை இதற்குப் பேர்போனது. செங்கோட்டையின் மிருதுவான பரோட்டாவை முந்தின நாள் சாப்பிட்ட நாக்கு, ஒரே மைதா மாவு இரண்டு ஊர்களில் எவ்வளவு மாறிப்போகிறது என்பதை உடனே கண்டுகொள்ளும்.

இந்த வட்டத்துக்கு வெளியே, பெயர் தெரியாத ஊரிலும் நல்ல கடையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பஞ்சர் கடைக்காரரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ “இங்க நல்ல ஓட்டல் எது?” என்று கேட்டால் வெளியூர்க்காரருக்கு ஏற்ற பளபளப்பான இடத்தைக் காட்டிவிடுவார்கள். “அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்று கேட்டால் பதில் மாறும். பட்டியல் நீளாத கடை, சரக்கு தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடும் கடை, குடும்பமாக வந்து பாத்திரத்தில் பார்சல் வாங்கிப் போகும் கடை ஆகியவற்றை நம்பி உட்காரலாம்.

நேரமும் முக்கியம். பேர்பெற்ற பிரியாணி அண்டாக்கள் பிற்பகல் இரண்டு மணிக்குள் காலியாகிவிடலாம். குற்றாலச் சீசனில் சனி, ஞாயிறு மாலைகளில் பார்டர் கடையில் இடம் பிடிக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். வார நாளில் புறப்பட்டால் சமையல்காரருக்கும் பேச நேரம் இருக்கும். சால்னாவில் என்ன சேர்க்கிறார்கள் என்று அப்போது கேட்டுப் பார்க்கலாம்.