பழைய நிழற்படங்களும் மான் வேட்டை நினைவுகளும்

தமிழ் மக்களின் வேட்டை வாழ்வை அறிதற்கு நமக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. சங்கச் செய்யுட்கள் ஒருவகை. நம் பாட்டன்மார் காலத்து நிழற்படங்களும் அவற்றைச் சுற்றி வழங்கும் வாய்மொழிகளும் மற்றொரு வகை. முன்னதை ஆராய்ந்தோர் பலர். பின்னதோ ஆராய்ச்சிப் பொருளாகக் கருதப்பெறாமல் தகரப் பெட்டிகளில் கிடந்து செல்லரிக்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று மற்றொன்றுக்கு உரையாக அமைதலைக் காணலாம்.

நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839-ஆம் ஆண்டில். சென்னையில் 1856-இலேயே அதற்கெனக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. ஆயினும் அக்காலக் கருவி பெரிது. தட்டில் ஒளி படிதற்குப் பிடித்த நேரமும் மிகுதி. ஓடும் மானை அது பிடித்தல் இயலாது. ஆகவே வேட்டைப் படம் என்பது தொடக்கத்திலிருந்தே வேட்டை முடிந்தபின் எடுத்த படமாகவே அமைந்தது. 1888-க்குப்பின் கையில் தூக்கிச் செல்லும் சிறு கருவிகள் பரவிய காலத்தும் அவ்வழக்கு மாறவில்லை. கிடக்கும் மான், பின்னே நிற்கும் மனிதர், நிமிர்த்திப் பிடித்த துப்பாக்கி என்னும் இம்மூன்றும் அமைந்த படத்தைக் காணாதார் அரியர். மானின் தலை தானே நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றும். கூர்ந்து நோக்கின் கொம்பைப் பற்றியிருக்கும் கை ஒன்றோ முட்டுக்கொடுத்த கோலோ புலப்படும். அகத்துறைகளுக்கு வரையறை இருத்தல்போல இப்படங்களுக்கும் ஒரு வரையறை உண்டு எனலாம். உரியவர் நடுவில் இருப்பார். தடம் பார்த்து வழிகாட்டியவர் ஓரத்தில் நிற்பார். படத்தின் பின்புறத்தில் முன்னவர் பெயர் எழுதப்பெற்றிருக்கும். பின்னவர் பெயர் இராது.

இதனை ஒரு சான்றால் விளக்குவேன். என் தாய்வழிப் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர். அவர் வீட்டுப் படம் ஒன்றின் பின்புறம் 1961 என்னும் ஆண்டு மட்டும் பென்சிலால் குறிக்கப்பெற்றுள்ளது. கிடப்பது மிளா, வடபகுதியார் கடமான் என்பர். படத்தை மட்டும் காண்பார் பாட்டனாரே அதனை வீழ்த்தினார் என்று கொள்வர். பாட்டியின் தங்கையாரிடம் அதனைக் காட்டி வினவியபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. மாலையில் குண்டுபட்ட மிளா ஓடிவிட்டது, இரவு முழுதும் கிட்டவில்லை, மறுநாள் விடியலில் மலைவாழ் முதியவர் ஒருவரே குருதித் துளிகளைப் பின்பற்றிச் சென்று ஓடைக்கரையில் கண்டார், சுட்டவர் அண்டை வீட்டார், துப்பாக்கியும் அவருடையதே. “உங்க தாத்தா புடிச்சுக்கிட்டு நின்னதோட சரி” என்று சொல்லிச் சின்னப்பாட்டி நகைத்தார். மூன்று நாள் உப்புக்கண்டம் போட்டுக் கை புண்ணானதையும் அவரே கூறினார். படத்தில் பெண்டிர் ஒருவரும் இலர்.

இந்நினைவில் ஓடி மறைந்த மிளா தனித்து நோக்கத்தக்கது. தொல்காப்பியக் களவியல், தலைவன் தன் கருத்தைத் தோழிக்குப் புலப்படுத்தும் வழிகளுள் பெயரும் ஊரும் வினாதலோடு கெடுதி வினாதலையும் கூறும். அம்புபட்ட விலங்கு இவ்வழி வந்ததுண்டோ என்று கேட்டு அவன் புனத்தருகே நிற்பான். இதனைக் காதலன் கட்டிய பொய் என்று மட்டும் மாணவர்க்குச் சொல்லி மேற்செல்கின்றோம். புண்பட்ட விலங்கு தப்பியோடுதலும் அதனைத் தேடி வேட்டுவன் அலைதலும் அன்றாட நிகழ்ச்சியாய் இருந்தமையாலன்றோ அப்பொய் பொருந்தியது? கேளாத ஒன்றைச் சொல்லியிருப்பின் தோழி அப்போதே நகைத்திருப்பாள். சின்னப்பாட்டியின் கதை இத்துறைக்கு நல்லதோர் உரை என்பது என் கருத்து.

புறநானூற்றில் வேட்டையைப் பாடும் இரு பாடல்களை ஈண்டு ஒப்பிடலாம். வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடியது ஒன்று (152). அவன் எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் செல்கின்றது. வீழ்ந்தவற்றை வரிசைப்படுத்தி நடுவே வள்ளலை நிறுத்துதலின், இதனை ஜமீன் மாளிகைப் படத்தோடு ஒப்பிடலாம். வீரை வெளியனார் பாடல் (320) முற்றும் வேறு. வேட்டுவன் முற்றத்தில் அயர்ந்து துயில்கின்றான். அவன் பார்வையாகக் கட்டிய பெண்மானோடு காட்டிலிருந்து வந்த கலை கூடி விளையாடுகின்றது. மனையாள் அதனைக் காண்கின்றாள். கணவன் விழித்தலும் ஆகாது, கலை பிணையை நீங்குதலும் ஆகாது என அஞ்சி அசையாது இருக்கின்றாள். மான்தோலில் காயவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்துண்ணுகின்றன; அவற்றையும் அவள் ஓட்டவில்லை. வேட்டுவன் வீட்டிலேயே மானுக்கு இரங்கும் ஒருத்தி இருந்தாள் என்பதை எந்த நிழற்படமும் நமக்குக் காட்டாது. அதனைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் முதிய பெண்டிரே சொல்லக்கூடும்.

பார்வை என்னும் அச்சொல் பெரும்பாணாற்றுப்படையிலும் எயினர் முற்றத்தை வருணிக்குமிடத்து வருகின்றது. காட்டு விலங்கைத் தன்பால் ஈர்க்கக் கட்டிவைத்த பழக்கிய விலங்கு என்பது பொருள். சொல்லாராய்ச்சி செய்வார்க்குப் பழைய நிழற்படமும் அத்தகையதே. ‘உங்கள் வட்டாரத்தில் மானுக்கு என்னென்ன பெயர்கள்?’ என்று வறிதே வினவினால் மான் என்ற ஒரு சொல்லே கிடைக்கும். படத்தை நீட்டினால் புள்ளிமான், மிளா, கேளையாடு, சருகுமான் எனப் பெயர்களும், கண்ணி, பரண், பங்கு எனத் தொழிற்சொற்களும் தாமே வரும். மரபியலில் மறி, பிணை, கலை முதலியன எவ்வெவற்றிற்கு உரியன என்று வரையறுக்கும் ஆசிரியர் நவ்வி, உழை, புல்வாய் என்பவற்றை வேறு வேறாகவே எண்ணுகின்றார். அவற்றுள் எது எவ்விலங்கு என்பதில் அறிஞர் அனைவரும் உடன்படவில்லை. கொம்பு ஒரு துணையாகும். இரலையின் மருப்பு முறுக்குண்டது என்று செய்யுட்கள் கூறுதலின் அது வெளிமான் எனத் துணியலாம். புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் கொம்பு கிளைத்தே இருக்கும். மங்கிய படத்திலும் கொம்பு தெளிவாகவே தெரியும்.

நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்தச் சட்டம் பிறந்தது 1879-இல். 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுதும் வேட்டையைக் கட்டுப்படுத்தியது; 1991-இல் வந்த திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. மானினம் பிழைத்திருத்தற்கு இது வேண்டியதே. இதில் இரு கருத்து இல்லை. ஆனால் இதனால் விளைந்த பிறிதொன்றும் உண்டு. வீட்டார் பலர் அஞ்சியோ நாணியோ கொம்புகளோடு படங்களையும் மறைத்தனர், சிலர் எரித்தனர். சட்டம் வந்த ஞான்று இருபது வயதினராய் இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

ஆதலின் நம் துறை மாணவர் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்களில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. படத்தைப் பெட்டியினின்றும் எடுத்து வருதல் வேண்டா. உரியவர் வீட்டிலேயே படி எடுத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்பவரைப் பற்றிக் கேட்குமுன் ஓரத்தில் நிற்பவர் பெயரைக் கேட்டல் வேண்டும். சொல்வார் சொற்களைத் திருத்தாமல் அவர் ஒலித்தவாறே எழுதுதல் வேண்டும். இறைச்சியைப் பங்கிட்டவர், தோலைக் கொண்டுசென்றவர், அன்று உண்ண மறுத்தவர் ஆகியோரைப் பற்றியும் வினவலாம். எங்கள் வீட்டுப் படத்தின் ஓரத்தில் நிற்கும் முதியவரின் பெயர் சின்னப்பாட்டிக்கும் நினைவில்லை. அவருடைய ஊரினர் சிலர் இன்றும் அம்மலையடிவாரத்தில் வாழ்கின்றனர். படியோடு அவர்களிடம் செல்ல எண்ணியுள்ளேன்.