சித்தூர் மண்ணில் மறைந்த சிவிங்கி

குளிர்காலம் வந்துவிட்டால் நம் சூளூர்பேட்டை விழாக்கோலம் பூணுவதை வாசகர்கள் யாவரும் அறிவர். பழவேற்காட்டு ஏரியிலே பூநாரைகள் செந்நிறத் தோரணம் கட்டினாற்போல் வந்து நிற்கின்றன. நேலப்பட்டுக் குளத்திலே கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றைக் காணச் சென்னையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வருகின்றனர். வேலை நிமித்தமாகவும் வாணிகம் நிமித்தமாகவும் இவ்வூரில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பத்தினரும் பிள்ளைகளை அழைத்துச் சென்று அப்பறவைகளைக் காட்டி மகிழ்கின்றனர். அது நல்ல வழக்கமே.

ஆயினும், பறவைகளைப் பற்றி இத்துணை ஆர்வம் கொள்ளும் நாம், இம்மண்ணிலே வாழ்கின்ற விலங்குகளைப் பற்றியும், வாழ்ந்து மறைந்துபோன விலங்குகளைப் பற்றியும் எத்துணை அறிவோம்? பள்ளிச் சிறுவன் ஒருவனைக் கேட்டால் ஆஸ்திரேலியாவின் கங்காருவைப் பற்றிச் சொல்வான். ஆப்பிரிக்காவின் சிங்கத்தைப் பற்றியும் சொல்வான். அவன் குடியிருக்கும் வட்டாரத்திலேயே ஒரு பெரிய விலங்கினம் அவன் தாத்தாவின் காலத்தில் அற்றுப்போயிற்று என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இலர். அந்த விலங்கின் கதையைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையிலே 1952ஆம் ஆண்டில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. எழுதியவர் கே. எம். கிர்க்பாட்ரிக் என்பவர். சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில் சிவிங்கியைக் கண்ட செய்தியே அக்குறிப்பு. அக்காலத்தில் சித்தூர் சென்னை ராஜ்யத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோதுதான் பிரிந்தது. இந்திய மண்ணின் சிவிங்கியைப் பற்றிய கடைசிக் குறிப்புகளுள் ஒன்றாக இதனை ஆராய்ச்சியாளர் மதிக்கின்றனர். நம் சித்தூர் நிலப்பகுதி அந்த இனத்திற்கு ஏறக்குறைய இறுதிப் புகலிடமாக இருந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

சிவிங்கி வேறு, சிறுத்தை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். திருமலைக் காடுகளில் இன்றும் திரிவது சிறுத்தை. அதன் உடலிலே புள்ளிகள் பூப்போல் வளையம் வளையமாக அமைந்திருக்கும். அது மரம் ஏறும். இரவிலே பதுங்கி இரை தேடும். சிவிங்கியின் உடலிலோ மையால் இட்ட பொட்டுப்போல் முழுக் கரும்புள்ளிகள் இருக்கும். கண்ணின் ஓரத்திலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். மெலிந்த இடை, நீண்ட கால்கள். பகலிலே திறந்த வெளியில் ஓடிப் பிடிக்கும் இயல்புடையது. சிறு தொலைவுக்கு மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய வல்லது. தரையில் ஓடும் விலங்குகளுள் இதற்கு இணை இல்லை.

இத்தகைய விலங்கு எவ்வாறு அழிந்தது? முதற்காரணம் அரசர்களின் வேட்டை விருப்பம். சிவிங்கியைப் பிடித்துப் பழக்கி, கண்ணைத் துணியால் மூடி, மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று வெளிமான்களின்மேல் ஏவிவிடுவது அரண்மனைகளில் பெரும் பொழுதுபோக்கு. முகலாய மன்னர் இதில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தனர். ஆனால், கூண்டில் அடைபட்ட சிவிங்கி குட்டி ஈனுவது அரிதினும் அரிது. ஆகவே அரண்மனைக்கு வேண்டிய ஒவ்வொரு சிவிங்கியையும் காட்டிலிருந்தே பிடித்துக் கொணர வேண்டியதாயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் இவ்வாறு எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த இனந்தான் நிலைக்கும்?

இரண்டாவது காரணம், புல்வெளிகள் உழுநிலமாக மாறியமை. வெளிமான் குறைந்தது, அதனை உண்டு வாழ்ந்த சிவிங்கியும் குறைந்தது. மூன்றாவது காரணம் துப்பாக்கி. ஆங்கிலேயர் ஆட்சியில், கொடிய விலங்குகளைக் கொல்வோர்க்குச் சன்மானம் அளிக்கும் முறை இருந்தது. மனிதரை நாடி வந்து தாக்கும் இயல்பில்லாத சிவிங்கிக்கும் அதன் தலைக்கு விலை வைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டில் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தானத்து மன்னர் ஓர் இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். அதன்பின் எஞ்சியவை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காணப்பட்டு மறைந்தன. 1952ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு வாரியம் முதன்முறையாகக் கூடியபோது சிவிங்கியைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்திற்று. ஆனால், காப்பதற்குச் சிவிங்கி இல்லை. அதே ஆண்டில் அவ்வினம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

இந்தச் சோகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்றொரு தீவு உண்டு. அங்கே முதுகில் புலிக்கோடுகளும் வயிற்றில் குட்டி சுமக்கும் பையும் கொண்ட ஒரு விலங்கு வாழ்ந்தது. குடியேறியவர் அதற்கு டாஸ்மேனியப் புலி என்று பெயரிட்டனர். ஆட்டு மந்தைகளுக்குப் பகை என்று கருதி, 1888 முதல் 1909 வரை அரசாங்கமே அதன் தலைக்குச் சன்மானம் கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. பிறகு மனம் மாறி 1936 ஜூலையில் அதனைக் கொல்லலாகாது என்று சட்டம் செய்தனர். சட்டம் வந்து இரண்டு மாதமும் நிறையவில்லை. செப்டம்பர் 7ஆம் நாள், ஹோபார்ட் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில், அறியப்பட்ட கடைசி டாஸ்மேனியப் புலி உயிர் நீத்தது. ஐரோப்பியர் 1788இல் குடியேறிய பின்னர், 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஆஸ்திரேலியா இழந்திருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த நரியும் பூனையும் அவற்றுட் பலவற்றிற்கு எமனாயின.

சென்னையிலும் ஹோபார்ட்டிலும் நடந்தது ஒன்றே: முதலில் சன்மானம், பின்னர் இரக்கம், கடைசியில் சட்டம். சட்டம் வந்து சேரும்போது விலங்கு புறப்பட்டுப் போய்விட்டது.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: "உலகில் இனங்கள் தோன்றுவதும் அழிவதும் இயற்கைதானே? அதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும்?" இக்கேள்விக்கு நம் ஆந்திர தேசத்துக் குகை ஒன்றே விடை கூறுகிறது. கர்நூல் பகுதியில் பில்லசுரங்கம் என்னும் சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. பல்லாவரத்திலே 1863இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய மகனும் 1880களில் இக்குகைகளை அகழ்ந்து எலும்புகளைத் திரட்டினர். ரிச்சர்ட் லிடேக்கர் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து இனம் பிரித்தார். பின்னர் நம் காலத்து விஞ்ஞானிகள் அக்குகைகளை மீண்டும் அகழ்ந்து, மண்ணடுக்குகளின் வயதைக் கணக்கிட்டு, தம் முடிவை 2014இல் வெளியிட்டனர். அங்குக் கண்ட 21 பாலூட்டி வகைகளுள் 20 வகைகள் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாக இந்திய மண்ணில் தொடர்ந்து வாழ்ந்து வந்துள்ளன என்பதே அம்முடிவு. அழிந்தது, இன்று எத்தியோப்பிய மலைகளில் வாழும் ஜெலாடாக் குரங்கின் உறவினமான ஒன்று மட்டுமே.

எத்தனை வறட்சிகள், எத்தனை பருவ மாற்றங்கள்! வேட்டையாடும் மனிதனும் அருகிலேயே இருந்தான். அத்தனையையும் கடந்து நம் நாட்டு விலங்குகள் நிலைத்தன. ஓரிடம் வறண்டால் வேறிடம் போயின. காடு சிறுத்தாலும் எஞ்சிய காட்டில் பிழைத்தன. அங்ஙனம் பிழைக்கும் வல்லமை பெற்ற மண்ணிலேதான் சிவிங்கி மாண்டது. ஆகவே அதனை இயற்கையின் கணக்கில் எழுதிவிட இயலாது. அது மனிதனின் கணக்கு.

போனது போகட்டும், இருப்பதையாவது அறிவோமா? நம் வட்டாரத்துக்கே பெருமை தரும் ஒரு சிறு பிராணியைப் பற்றிச் சொல்கிறேன். கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளிலிருந்து, சென்னையில் உத்தியோகம் பார்த்த வால்டர் எலியட் மூலமாக, ஒரு விலங்கு 1850ஆம் ஆண்டளவில் விஞ்ஞான உலகிற்கு அறிமுகமாயிற்று. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்த அதே எலியட்தான் இவர். பார்ப்பதற்கு அணில்போல் இருக்கும்; ஆனால் அணில் அன்று. மூஞ்சி நீண்டிருக்கும், பூச்சியும் பழமும் உண்ணும், பகலில் பாறை இடுக்குகளிலும் புதர்களிலும் இரை தேடும். இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இதன் விஞ்ஞானப் பெயர் 'அனத்தானா எலியோட்டி' என்பது. பின்பாதி எலியட்டின் பெயர். முன்பாதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 'மூங்கில் அணத்தான்' என்னும் தமிழ்ப் பெயரிலிருந்து! நம் மலைவாழ் மக்கள் வழங்கிய சொல் உலக விஞ்ஞானிகளின் நாவில் ஏறிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் மட்டும் இல்லை.

தேவாங்கும் அவ்வாறே. சேஷாசல மலைகளில் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவில் இது வாழ்கிறது. இரவில் உருண்டைக் கண்களை விழித்துக்கொண்டு கிளைக்குக் கிளை மெல்ல நடந்து பூச்சிகளைத் தின்னும் இச்சாதுப் பிராணியை, மாந்திரீகம் என்றும் மருந்து என்றும் சொல்லிப் பிடித்து வதைத்தவர் பலர். விஞ்ஞானப் பெயரில் லிடேக்கரின் நினைவைத் தாங்கியுள்ள இதற்கென, தமிழ்நாட்டு அரசு 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த கடவூர்ப் பகுதியில் ஒரு சரணாலயம் அமைத்திருக்கிறது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுவே.

போனவை திரும்பி வருவதும் உண்டு. சித்தூர்ப் பகுதியிலே நெடுங்காலம் யானை இல்லாதிருந்தது. 1980களில் தமிழ்நாட்டு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் குப்பம், பலமநேர் பக்கம் தாமாகவே வந்து தங்கிற்று. அவற்றின் பொருட்டு 1990இல் கவுண்டின்யா சரணாலயம் உண்டாயிற்று. ஆனால், யானையோடு வாழும் பழக்கத்தை அங்குள்ள உழவர் மறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பயிர் அழிந்தது, மனித உயிரும் போயிற்று, யானைகளும் மடிந்தன. விலங்கு திரும்பினால் மட்டும் போதாது, அதனோடு வாழும் அறிவும் திரும்ப வேண்டும் என்பதற்கு இது சான்று.

சிவிங்கியையும் திரும்பக் கொணர்ந்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 17ஆம் நாள் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டுக்கு வந்தன. சில இறந்தன, சில குட்டிகளை ஈன்றன. எனினும் இவை ஆப்பிரிக்க வகை. சித்தூரில் வாழ்ந்த ஆசிய வகை இன்று ஈரான் தேசத்தில் மட்டும், விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் தவிக்கிறது. கடல் கடந்து விருந்தாளியை அழைத்து வரலாம். இறந்த உடன்பிறப்பை அழைத்து வர இயலுமா?

அன்பர்களே! நாம் இவ்வூருக்கு வந்து குடியேறியவர்கள். வந்த இடத்தின் மொழியைக் கற்றோம்; செங்காளம்மன் திருவிழாவில் கலந்துகொண்டோம்; அண்டை வீட்டாரோடு உறவு கொண்டாடினோம். இம்மண்ணின் மற்ற குடிகளையும் அறிந்துகொள்வதன்றோ முறை? ஆராய்ச்சி என்றால் பெரிய பட்டம் வேண்டும் என்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் சித்தூர்ச் சிவிங்கியை நாம் அறிவதற்குக் காரணம், ஒருவர் தாம் கண்டதை அன்றே எழுதி அனுப்பியதுதான். அவர் எழுதாதிருந்தால் அதுவும் மறைந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டிலே முதியோர் இருந்தால், தம் இளமையில் எந்த விலங்கை எந்த ஊரில் கண்டார்கள், அதனை எப்பெயரால் அழைத்தார்கள் என்று கேளுங்கள். அண்டை வீட்டுத் தெலுங்குப் பெரியவர்களிடமும், ஸ்ரீஹரிகோட்டைத் தீவின் பழங்குடிகளான யானாதி மக்களிடமும் கேளுங்கள். ஆண்டையும் இடத்தையும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தேவாங்கையோ எறும்புதின்னியையோ விற்பதாக எவரேனும் வந்தால் வாங்காதீர்கள், வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த குளிர்காலத்தில் பூநாரையைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, மேற்கே தெரியும் திசையைச் சுட்டிக்காட்டி, "அந்தப் பக்கத்துச் சித்தூரிலே சிவிங்கி இருந்தது, அந்த மலைகளிலே மூங்கில் அணத்தான் இன்றும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். இருந்தது என்று சொல்லவேண்டிய பட்டியல் இனியும் நீளாமற் காப்பது அப்பிள்ளைகளின் கையில் இருக்கிறது.