தொட்டி மாற்றிய பின் வாடும் ஆர்க்கிட்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது சிங்கப்பூரின் பூக்கடைகளிலும் பேரங்காடிகளிலும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். சிறகு விரித்த பட்டாம்பூச்சிகளைப்போல் தோன்றும் அதன் பூக்கள் இரண்டு மூன்று மாதங்கள்கூட வாடாமல் இருக்கும். பூக்கள் உதிர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சிலர் செடியைக் குப்பையில் போட்டுவிடுகின்றனர். வேறு சிலருக்கு அதற்கு மனம் வருவதில்லை. பெரிய தொட்டியில் வைத்தால் மீண்டும் பூக்கும் என்று எண்ணி, தோட்ட மண் நிரப்பிய புதிய தொட்டிக்கு அதை மாற்றுகின்றனர். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகின்றனர். சில வாரங்களில் இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றுகின்றனர். கடைசியில் ஒரு நாள் செடியைத் தொட்டால், அது வேரே இல்லாமல் கையோடு வந்துவிடுகிறது. செடியின்மீது அக்கறை உள்ளவர்களின் வீட்டில்தான் இப்படி அதிகம் நடக்கிறது.

இதற்கான காரணத்தை அறிய, ஆர்க்கிட் செடிகள் இயற்கையில் எங்கே வாழ்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட் வகைகளுள் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவை அல்ல. காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. இவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பர். இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. நிற்பதற்கு ஓர் இடம் மட்டுமே மரத்திடமிருந்து பெறுகின்றன. காட்டுக்குப் போகாமலேயே இதைக் காணலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோர மரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் தானாகவே வளர்கிறது. திடீர் மழையால் வெப்பம் சட்டெனக் குறைந்தால், ஏறக்குறைய ஒன்பது நாள்கள் கழித்து அவ்வட்டாரத்தில் உள்ள புறா ஆர்க்கிட் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூத்துக் குலுங்கும். அந்த வெள்ளைப் பூக்கள் ஒரு நாள்தான் இருக்கும். அன்று அண்ணாந்து பார்க்காதவர்களுக்கு அப்படி ஒரு செடி அங்கே இருப்பதே தெரியாது.

மரக்கிளையில் பெய்யும் மழைநீர் உடனே வழிந்தோடிவிடும். பிறகு காற்று வீசும், வெயில் படும். ஆகவே, தண்ணீர் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் அதை உறிஞ்சிக்கொள்ளும் வேர் ஆர்க்கிட்டுக்குத் தேவைப்பட்டது. அதன் வேரைச் சுற்றிலும் வெலாமென் எனப்படும் தடித்த உறை இருக்கிறது. இது இறந்துபோன உயிரணுக்களால் ஆனது. உள்ளே வெறும் காற்று நிரம்பியிருப்பதால், காய்ந்த நிலையில் வேர் வெள்ளி நிறத்தில் தோன்றும். தண்ணீர் பட்டதும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது உறை ஒளி ஊடுருவக்கூடியதாக மாறி, உள்ளே இருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். அந்தப் பச்சை நிறத்தின் உதவியால், ஒளி படும் வேர்கள் ஓரளவு ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன. பண்ணைகளில் ஃபலனாப்சிஸ் செடிகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டிகளில் வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய வேரை ஈர மண்ணுக்குள் புதைத்தால் என்ன ஆகும்? பஞ்சு காயவே காயாது. வேரின் உயிருள்ள நடுப்பகுதிக்கு உயிர்வளி கிடைக்காது. மூச்சுத் திணறி இறந்த வேரில் பூஞ்சையும் கிருமிகளும் எளிதில் புகுந்துகொள்ளும். வேர் அழுகியதும் தண்ணீரை மேலே அனுப்ப வழி இல்லாமல் போகிறது. எனவே, தொட்டி முழுக்க ஈரம் இருந்தும் இலை தாகத்தால் சுருங்குகிறது. தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும் தண்ணீர் மிகுந்து வாடும் செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால்தான் பலரும் ஏமாந்துபோகின்றனர்.

தோட்ட மண்ணைத் தவிர்த்துவிட்டு, கரி, செங்கல் துண்டு, மரப்பட்டை போன்ற முறையான பொருள்களில் நட்ட செடிக்கும் தொட்டி மாற்றிய பின் வேர்ச் சிக்கல் வரலாம். தொட்டி மாற்றுவது ஆர்க்கிட்டுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை போன்றது. பழைய தொட்டியில் ஒட்டிய வேர்களைப் பிரிக்கும்போது சில உடையும், சில நசுங்கும். அந்தக் காயங்கள் ஆறுவதற்குள் தண்ணீர் ஊற்றினால் அங்கிருந்தே அழுகல் தொடங்கும். தொட்டிக்கு வெளியே காற்றில் தொங்கிய வேர்களை, பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று உள்ளே திணிப்பதும் தவறு. காற்றில் வளர்ந்து பழகிய வேர் திடீரென ஈரத்துக்குள் அடைபட்டால் பெரும்பாலும் தாங்காது. தேவையைவிடப் பெரிய தொட்டியும் கெடுதல்தான். வேர் எட்டாத பகுதியில் ஈரம் நாள்கணக்கில் தங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கடையில் வாங்கும் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும் பாசியில் நடப்பட்டிருக்கும். அதைச் சட்டெனக் கரிக்கும் செங்கல் துண்டுக்கும் மாற்றினால், ஈரத்தில் வளர்ந்த வேர்கள் காய்ந்து சுருங்கலாம். அவ்வாறு மாற்றும்போது கரியையும் செங்கல் துண்டையும் ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துவது நல்லது.

புதிதாக மாற்றிய செடி வாடினால், முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேர்களைப் பார்க்க வேண்டும். மருந்து தெளிப்பதோ உரம் போடுவதோ அப்போதைக்கு வேண்டாம். நல்ல வேர் விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பு நிறமாகி, கொழகொழவென்று இருக்கும். அல்லது உள்ளே ஒன்றுமில்லாத குழல்போல் தட்டையாகும். மெதுவாக இழுத்தால் மேலுறை கழன்று, நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் எஞ்சும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கரியிலும் மரப்பட்டையிலும் கிடந்த வேர் கறைபட்டுப் பழுப்பாகத் தெரிந்தாலும் உறுதியாக இருக்கலாம். அதை வெட்டிவிட்டால் செடிக்கு மிஞ்சியிருந்த ஒரே வாயையும் அடைத்ததாகிவிடும்.

அழுகிய வேரை, நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டியோ சாராயத் திரவத்தால் துடைத்தோ தூய்மையாக்காவிட்டால், ஒரு செடியின் நோய் அடுத்த செடிக்குப் பரவிவிடும். ஆர்க்கிட் செடிகளைத் தாக்கும் நச்சுயிரிகள் கத்தி வழியாகவே பெரிதும் பரவுகின்றன. வெட்டிய இடத்தில் பட்டைத் தூள் தடவுவது வளர்ப்போரிடையே பரவலான வழக்கம். சமையலறையில் இருக்கும் அதே பட்டைதான். வெட்டுவாயில் மட்டும் சிறிதளவு வைத்தால் போதும். நல்ல வேரின்மீது தூவினால் அது அந்த வேரையும் உலர்த்திவிடும்.

பிறகு எஞ்சிய வேர்கள் அடங்கும் அளவுக்கு மட்டுமே உள்ள சிறிய தொட்டியில் செடியை நட வேண்டும். மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றிச் செடியை அதனோடு கட்டுவது மிகவும் முக்கியம். வேர் குறைந்த செடி காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக முளைக்கும் மெல்லிய வேர்நுனி தேய்ந்து முறியும். இந்தச் சிறிய குச்சியை மறந்ததால் மாதக்கணக்கில் வேர் பிடிக்காமல் தவிக்கும் செடிகள் ஏராளம்.

நட்ட செடியை நேரடி வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தின் நிழலான பகுதி பொருத்தமாக இருக்கும். காயம் ஆற நான்கைந்து நாள்கள் தண்ணீர் ஊற்றாமல், காலையில் மட்டும் இலைகளின்மீது நீர் தெளித்தால் போதும். இலைகளுக்கு நடுவே நீர் தேங்கினால் குருத்து அழுகும். அதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அதில் தேங்கும் நீர் வேருக்கும் ஆகாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடவும் அதுவே போதும்.

எல்லா ஆர்க்கிட் வகைகளும் இந்த நிலையை ஒரே மாதிரி தாங்குவதில்லை. டெண்ட்ரோபியத்தின் தடித்த தண்டுகளில் நீர் சேமிக்கப்பட்டிருப்பதால், வேரை இழந்தாலும் சில வாரங்கள் சமாளிக்கும். அடியில் புதிய தளிர் தோன்றி, அதன் வேர் முளைக்கும் நேரத்தில் தொட்டி மாற்றினால் அது விரைவில் நிலைகொள்ளும். ஃபலனாப்சிஸுக்கு அப்படிப்பட்ட சேமிப்பு தடித்த இலைகளிலும் வேர்களிலும் மட்டுமே உண்டு. தொங்கும் கூடைகளில் வளர்க்கப்படும் வாண்டா வகைகளுக்கோ கரிகூடத் தேவையில்லை. அவற்றின் நீண்ட வேர்கள் காற்றிலேயே தொங்கும். 1981ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமும், கம்பைப் பற்றி ஏறும்போது தண்டிலிருந்து வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டே செல்லும்.

சுருங்கிய இலை உடனே நிமிர்ந்துவிடாது. சில இலைகள் பழைய நிலைக்குத் திரும்பாமலேயே உதிர்ந்துவிடும். செடி பிழைத்துவிட்டதா என்பதை இலையைப் பார்த்து அறிய முடியாது. அடித்தண்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே பச்சை அல்லது செந்நிற நுனியுடன் ஒரு புதிய வேர் எட்டிப் பார்த்தால் செடி தேறிவிட்டது என்று பொருள். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்; சில மாதங்களும் ஆகலாம். அந்த வேர் விரல் நீளம் வளர்ந்த பிறகு, பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ நீரில் கரைத்து உரம் கொடுக்கத் தொடங்கலாம்.